எடைக்குப் போகும் இரும்புக்கை

தோட்டத்து லயமாக இருக்கட்டும், ரயில்வே குவார்ட்டர்ஸாக இருக்கட்டும், ஓய்வு பெற்றவர் வீட்டைக் காலி செய்யும் வாரத்தில் பழைய பேப்பர்காரர் எப்படியோ தெரிந்துகொண்டு வாசலுக்கு வந்து நிற்பார். கட்டிலும் பீரோவும் லாரியில் ஏறும். பரணில் கிடந்த புத்தகக் கட்டு தராசில் ஏறும். முப்பது வருடத்துப் படிப்பு அரை மணி நேரத்தில் நிறுத்து முடிந்துவிடும்.

அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே முத்து காமிக்ஸ் இருக்கும். லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் இருக்கும். வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதையைப் பிரித்தெடுத்துத் தைத்த தொகுப்பு ஒன்றிரண்டு இருக்கும். அட்டை போன பாக்கெட் நாவல்கள் இருக்கும். "குப்பை" என்று சொல்லி இவற்றை எடைக்குப் போடுகிறோம். இதே புத்தகங்களைத் தேடித்தான் சென்னை, கோவை, மதுரையில் பழைய புத்தகக் கடைகளைச் சுற்றி வருகிறார்கள் சிலர். அச்சிட்ட விலையைப் போலப் பல மடங்கு கொடுக்கவும் அவர்கள் தயார். வாளையாற்றுக்கு மேற்கிலும் போடிமெட்டுக்கு அப்பாலும் குடியிருக்கும் தமிழர்கள், தங்கள் பரணில் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மின்சாரம் பாய்ந்தால் மறையும் மனிதர்

தமிழில் விஞ்ஞானக் கதை என்றவுடன் எல்லோரும் சுஜாதாவைச் சொல்வார்கள். அது நியாயம்தான். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதில் பலருக்கு முதலில் அறிமுகமான விஞ்ஞானக் கதாநாயகர் லூயிஸ் கிராண்டேல் என்ற இங்கிலாந்துக்காரர். ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். விபத்தில் வலது கையை இழந்து, இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். முதல் கதையில் வில்லனாக இருந்தவர், பிறகு திருந்தி 'நிழற்படை' என்ற ரகசிய அமைப்பில் சேர்ந்து எதிரிகளோடு மோதுவார்.

இந்தக் கதை லண்டனிலிருந்து வந்த 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார இதழில் 1962-ல் தொடங்கியது. முதலில் எழுதியவர் கென் பல்மர் என்ற விஞ்ஞானக் கதை எழுத்தாளர். அவருக்குப் பின் டாம் டல்லி எழுதினார். படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. பத்து ஆண்டுகள் கழித்து, 1972-ல், சிவகாசியில் சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழாக வந்ததே 'இரும்புக்கை மாயாவி'.

வேலியண்ட் இதழ் 1976-ல் நின்றுபோனது. அங்கே கிராண்டேலைப் பலர் மறந்தே போனார்கள். சிவகாசியில் அவர் மறையவில்லை. கதைகள் திரும்பத் திரும்ப அச்சாயின. முத்து காமிக்ஸ் 2022-ல் ஐம்பது ஆண்டைத் தொட்டபோதும் வாசகர்கள் முதலில் நினைத்தது அந்த இரும்புக் கையைத்தான்.

1984-ஆம் ஆண்டு இன்னொரு திருப்பம். அந்த ஆண்டில்தான் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ்.விஜயன், பதினேழு வயதில், லயன் காமிக்ஸைத் தொடங்கினார். தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் பிறந்ததும் அதே ஆண்டு. லயனில் வலைத் துப்பாக்கியோடு ஸ்பைடர் வந்தான். காலத்தைக் கடந்து போகும் கோட்டையோடு ஆர்ச்சி என்ற இரும்பு மனிதன் வந்தான். ராணி காமிக்ஸ் 2005 வரை வந்து நின்றது.

சந்தைப் பையில் வந்த தமிழ்

இவை மலைக்கு வந்த வழி நம்மவர்களுக்குத் தெரிந்ததுதான். மூணாறு, தேவிகுளம் பக்கத்தவர்களுக்குப் போடி, குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்தவர்களுக்குக் கம்பம், மறையூர்க்காரர்களுக்கு உடுமலை, சித்தூர், கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்குப் பொள்ளாச்சி. துணி எடுக்கவும், மருத்துவம் பார்க்கவும், திருவிழாவுக்கும் கீழே போனவர்கள், பஸ் நிலையக் கடையில் பிள்ளைகளுக்கு என்று ஒரு காமிக்ஸ் வாங்கி, காய்கறிப் பையில் செருகிக்கொண்டு வந்தார்கள். ரயிலில் வருகிறவர்களுக்கு ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை இருந்தது.

ஒரு பிரதி வந்தால் ஒரு வீட்டோடு நிற்காது. லயத்தின் முதல் வீட்டில் தொடங்கி கடைசி வீடு வரை போகும். திரும்பி வரும்போது அட்டை கிழிந்திருக்கும், நடுப்பக்கம் இருக்காது. இன்று முழுப் பிரதி அரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதில் கதை மட்டும் இல்லை, மொழியும் இருக்கிறது. பள்ளியில் மலையாளம் முதல் பாடமாகப் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. படத்தைப் பார்த்து, மேலே உள்ள வட்டத்தில் எழுத்துக் கூட்டி, கதை தெரிய வேண்டும் என்ற ஆசையில் தமிழ் வாசிக்கப் பழகியவர்கள் எல்லைப் பகுதியில் உண்டு. பாடநூல் செய்யாத வேலையைக் காமிக்ஸ் செய்தது. அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறார்கள். அவர்கள் கையில் தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்வது சிரமம்.

பக்கத்து வீட்டு மலையாளப் பிள்ளையிடம் "மாயாவி" என்று சொன்னால், 'பாலரமா'வில் 1984 முதல் வரும் குட்டிச்சாத்தான் நினைவுக்கு வருவான். தமிழ்ப் பிள்ளைக்கு முத்து காமிக்ஸ் என்றால் இரும்புக்கை. ராணி காமிக்ஸ் என்றால் முகமூடி வீரர். ஒரே சொல்லுக்கு மூன்று மாயாவிகள்! கொடுக்கல் வாங்கலும் இருந்தது. கோட்டயம் புஷ்பநாத் (மறைவு 2018) மலையாளத்தில் எழுதிய துப்பறியும் நாவல்கள் தமிழில் பெயர்க்கப்பட்டு நம்மவர்களிடம் பரவலாகப் போயின. விஞ்ஞானமும் மர்மமும் கலந்த கதைகள் அவற்றில் உண்டு. அவருடைய பழைய தமிழ்ப் பதிப்புகளும் இப்போது எளிதில் கிடைப்பதில்லை.

அட்டைக்கு என்ன மதிப்பு?

உலகில் இந்தச் சேகரிப்புப் பழக்கத்துக்கு வயது நூறு. முழுக்க முழுக்க விஞ்ஞானக் கதைகளுக்கென்றே முதல் பத்திரிகையான 'அமேசிங் ஸ்டோரீஸ்' அமெரிக்காவில் 1926 ஏப்ரலில் வந்தது. நடத்தியவர் ஹியூகோ கெர்ன்ஸ்பாக். விலை 25 சென்ட். அட்டையில் ஆட்கள் பனிச் சறுக்கு விளையாடுவார்கள். பின்னால் வானத்தை அடைத்துக்கொண்டு வளையத்தோடு சனிக் கிரகம் நிற்கும். வரைந்தவர் பிராங்க் ஆர்.பால், கட்டிடக் கலை படித்தவர். பறக்கும் நகரத்தையும் ராட்சத இயந்திரத்தையும் அவர் வரைந்தால் நாளைக்கே கட்டிவிடலாம் போலத் தோன்றும்.

அந்தப் பத்திரிகைகளை 'பல்ப்' என்று அழைத்தார்கள். மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சிட்டதால் வந்த பெயர். உள்தாள் மட்டம், அட்டை மட்டும் பளபளப்பு. கடையில் தொங்கும்போது வாங்க வைக்க வேண்டியது அட்டையின் பொறுப்பு. இதே கணக்கில்தான் நம் காமிக்ஸும் பாக்கெட் நாவல்களும் அச்சாயின. உள்ளே பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அட்டையில் மட்டும் நாலு வர்ணம். படித்து முடித்ததும் தூக்கி எறிவதற்கென்றே தயாரான பொருள் அது. எல்லோரும் தூக்கி எறிந்ததால்தான் மிஞ்சியதற்கு இவ்வளவு மதிப்பு. 1938-ல் பத்து சென்டுக்கு விற்ற 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் ஒரு பிரதி 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. சூப்பர்மேன் முதலில் தோன்றிய இதழ் அது.

நம் பரணில் அவ்வளவு பணம் இல்லை; அப்படி ஒரு கனவு காண வேண்டாம். ஆனால் அட்டைகளுக்கு வேறொரு மதிப்பு உண்டு. அந்தக் காலத்துத் தமிழர்கள் எதிர்காலத்தை எப்படிக் கற்பனை செய்தார்கள் என்பதை அந்த அட்டைகளில்தான் பார்க்கலாம். இயந்திர மனிதன் எப்படி இருப்பான், ராக்கெட் எப்படி இருக்கும், வேற்றுக் கிரகத்துப் பெண் என்ன உடை உடுத்துவாள் என்றெல்லாம் ஓவியர்கள் வரைந்து காட்டினார்கள். சென்னையில் பிளாஃப்ட் என்ற பதிப்பகம் 2008-ல் தமிழ் மாத நாவல் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டது. பின்னர் நாவல் அட்டைப் படங்களைத் தபால் அட்டைகளாகவும் கொண்டுவந்தது. நாம் எறிந்த அட்டையை வெளியுலகம் பத்திரப்படுத்துகிறது.

தைத்து வைத்த தொடர்கதை

அலுவலகம் போகிற குமாஸ்தாக்களின் சேகரிப்பு வேறு விதம். வாராவாரம் தொடர்கதைப் பக்கத்தைப் பிரித்து எடுத்து, கடைசி அத்தியாயம் வந்ததும் பைண்டு செய்து வைப்பார்கள். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' காலத்திலேயே இருந்த பழக்கம் இது. விஞ்ஞானக் கதையில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வுக்கு அந்தப் பெருமை கிடைத்தது. 'ஆனந்த விகடன்' இதழில் தொடராக வந்தது. 2020-களில் நடப்பதாக எழுதப்பட்ட கதை. ஜீனோ என்ற இயந்திர நாய் அதில் பேசும், யோசிக்கும், புத்தகம் படிக்கும். கதை சொன்ன ஆண்டு இப்போது நம்மைக் கடந்து போய்விட்டது. பேசும் இயந்திரம் பாக்கெட்டில் இருக்கிறது. ஜீனோவைத்தான் இன்னும் காணோம்!

இந்தத் தையல் தொகுப்பை "புத்தகமாகத்தான் கிடைக்கிறதே" என்று எடைக்குப் போடுகிறார்கள். புத்தகத்தில் கதை கிடைக்கும். வாராவாரம் வந்த ஓவியங்கள் பல பதிப்புகளில் இருக்காது. பக்கத்தின் ஓரத்தில் வந்த துணுக்கும், எதிர்ப்பக்கத்து விளம்பரமும் எந்தப் பதிப்பிலும் இருக்காது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் தேடுவது இவற்றைத்தான்.

இரண்டு சேகரிப்பாளர்கள்

சேர்ப்பது பாதி வேலை. சேர்த்தவருக்குப் பிறகு அது எங்கே போகும் என்பது மறு பாதி. இதற்கு இரண்டு பேருடைய கதையைச் சொல்லலாம்.

முதலாமவர் அமெரிக்காவின் பாரஸ்ட் ஜே. அக்கர்மேன் (1916–2008). 1926-ல், ஒன்பது வயதில், அமேசிங் ஸ்டோரீஸ் இதழ் ஒன்றை வாங்கியதில் தொடங்கிய ஆசை. லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் வீடு முழுக்க விஞ்ஞானக் கதைப் புத்தகம், அட்டை ஓவியம், சினிமாப் பொம்மை. மொத்தம் மூன்று லட்சம் பொருள்கள் என்று சொல்வார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சுற்றிக் காட்டினார். அது ஓர் அருங்காட்சியகமாக நிலைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், கைகூடவில்லை. வயதான காலத்தில் பணமுடை வந்து, 2002-ல் வீட்டை விட்டுச் சிறிய வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. சேகரிப்பில் பெரும்பகுதி விலை பேசப்பட்டுப் பல கைகளுக்குச் சிதறியது. உலகப் புகழ் பெற்றவருக்கும் வீடு காலி செய்யும் நாள் அப்படித்தான் வந்தது.

இரண்டாமவர் நம் காரைக்குடிப் பக்கத்துக் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். சிறிது சிறிதாகப் பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீசு, அழைப்பிதழ் என்று பிறர் குப்பை என்று நினைத்ததையெல்லாம் சேர்த்தார். 1992-ல் மறைந்தார். அதன் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஆனால் கப்பலேற்றிக் கொண்டு போகவில்லை. சென்னையிலேயே நூலகமாக அமைத்து, 1996-ல் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இன்று உலகத் தமிழறிஞர்கள் தேடி வரும் இடம்.

இருவரில் யாருடைய ஆசை பெரியது என்பது கேள்வி இல்லை. ஒன்று தனி மனிதர் வீட்டோடு நின்றது. மற்றொன்று ஒரு நிறுவனத்தின் கூரைக்கு வந்து சேர்ந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

கடையை நம்பியும் பயனில்லை. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி இருந்த மூர் மார்க்கெட், பழைய புத்தகத்துக்குத் தென்னிந்தியாவிலேயே பேர்போன இடம். 1985 மே 30-ந் தேதி தீயில் போனது. இன்று அங்கே நிற்பது ரயில்வேயின் புறநகர் நிலையம். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் டிக்கெட் எடுக்கும் அந்த இடத்தில்தான் ஒரு காலத்தில் தமிழ்ப் பத்திரிகைகள் மலைபோல் குவிந்து கிடந்தன.

காற்றும் மழையும்

வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் தாளின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். செய்தித்தாள் ரகத் தாளில் மரத்தின் லிக்னின் அப்படியே இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகி, அமிலம் ஊறி, கடைசியில் அப்பளமாக நொறுங்கும்.

நம் பகுதியில் இரண்டு விதச் சோதனை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தை உறிஞ்சித் தாளை மொறுமொறுப்பாக்கும். இடுக்கி மலையில் நேர்மாறு. இடவப்பாதி மழை தொடங்கினால் சுவரெல்லாம் வியர்க்கும், தாளில் பூஞ்சணம் படரும். பாலக்காட்டுக்காரர் வெயில் படாத இடம் தேட வேண்டும். மலைக்காரர் காற்று புகும் இடம் தேட வேண்டும். ஒருவருக்குச் சொன்ன வைத்தியம் மற்றவருக்கு ஆகாது.

இருவருக்கும் பொதுவான சில விஷயங்கள்:

புத்தகத்தைத் தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்கக் கூடாது. கரையான் வரும் வழி அதுதான்.

கிழிந்த அட்டையை செல்லோ டேப் போட்டு ஒட்டக் கூடாது. சில வருடத்தில் பசை பழுப்பாகிப் படத்தையும் கெடுக்கும். மைதாப் பசையும் மெல்லிய தாளும் போதும். பசையில் துளி மயில்துத்தம் கலப்பது பைண்டர்களின் பழைய வழக்கம், அது விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது.

துருப்பிடித்த பின்னை மெதுவாக எடுத்துவிட்டு, அதே துளையில் நூல் கோர்த்துத் தைக்கலாம்.

பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி மலையில் வைத்தால், உள்ளே மாட்டிய ஈரமே தாளைத் தின்னும். தகர டிரங்குப் பெட்டியில் வைத்து, மழை ஓய்ந்ததும் எடுத்து நிழலில் உலர்த்துவது மேல். இராமபாணப் பூச்சி வராமலிருக்க வசம்பு போட்டு வைப்பது பாட்டி காலத்து வழி. அடிக்கடி எடுத்துப் பார்ப்பது அதைவிட நல்ல வழி.

அட்டையை லேமினேஷன் செய்யவே கூடாது. செய்தால் திரும்பப் பிரிக்க முடியாது.

விற்க நினைப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் முதலில் இதழின் எண்ணையும், விலையையும், ஆண்டையும் பார்க்க வேண்டும். ஒரே கதை இரண்டு மூன்று முறை மறுபதிப்பாக வந்திருக்கும். மறுபதிப்பை முதல் பதிப்பு என்று சொல்லி விற்பவர் உண்டு. வர்ண ஜெராக்ஸ் அட்டையை மாட்டிக் கொடுப்பவரும் உண்டு. நடுப்பக்கம் இருக்கிறதா, கூப்பன் வெட்டப்பட்டிருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தே பணம் கொடுக்க வேண்டும். படிக்க மட்டும் ஆசை என்றால் பழசுக்குப் பெரிய விலை தர வேண்டியதில்லை. லயன், முத்து இரண்டும் 2012 முதல் புது மெருகோடு மீண்டும் வந்துகொண்டிருக்கின்றன; மாயாவி கதைகளும் மறுபதிப்பாகியுள்ளன. பழைய பிரதியை நகலெடுத்து விற்பது மட்டும் சட்டப்படி குற்றம்.

ஒரு தமிழ் அலமாரி

லயத்திலும் குவார்ட்டர்ஸிலும் இருப்பவர்களுக்கு இடம் சொந்தமில்லை. வேலை முடிந்தால் சாவியைக் கொடுக்க வேண்டும். ஊரில் மகன் வீட்டில் ஒரு மூலைதான் கிடைக்கும். அங்கே இருநூறு காமிக்ஸை வைக்க முடியுமா என்று கேட்பது நியாயமான கேள்வி.

பதில் நாம் குடியிருக்கும் மாநிலத்திலேயே இருக்கிறது. பி.என்.பணிக்கர் 1945-ல் 47 கிராம நூலகங்களைச் சேர்த்துத் தொடங்கிய சங்கம்தான் கேரளத்து நூலக இயக்கத்துக்கு வித்து. அவர் மறைந்த ஜூன் 19-ந் தேதியை 1996 முதல் கேரளம் வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறது. தமிழர் அதிகம் வாழும் எல்லை ஊர்களிலும் இந்த நூலகங்கள் உண்டு. ஒரே ஒரு அலமாரியைத் தமிழுக்கு ஒதுக்கும்படி கேட்கலாம். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, எண் வரிசைப்படி அடுக்கி, பைண்டு செய்து, பட்டியல் எழுதிக் கொடுத்தால் நூலகருக்கும் மறுக்க மனம் வராது. கட்டாகக் கொண்டுபோய்ப் போட்டால் அது அங்கேயும் குப்பைதான். பட்டியலோடு கொடுத்தால் நூல்.

அரிய இதழ் என்று தோன்றினால் சென்னை ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். கடிதத்தில் இதழின் பெயர், எண், ஆண்டு, நிலை இவை நான்கும் இருந்தால் போதும்.

இதற்கெல்லாம் ஓய்வு பெறும் வருடம் வரை காத்திருக்க வேண்டாம். காலி செய்யும் வாரத்தில் யாருக்கும் பட்டியல் எழுத நேரம் இருக்காது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கட்டை இறக்கித் தூசி தட்டி, எண்களைக் குறித்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. பேரப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்தால் இன்னும் நல்லது. படத்தைப் பார்த்ததும் "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்பார்கள். உடனே படித்துச் சொல்லிவிடாமல், எழுத்துக் கூட்டச் சொல்லுங்கள்.